வேளச்சேரிக்கு நிலப் பயன்பாட்டு மேப் போடுறது எப்படி?

கேள்வி: ப்ளானிங் படிக்கிறேன், வேளச்சேரில கொஞ்சம் தெருக்களுக்கு நிலப் பயன்பாட்டு மேப் போடணும், கூகுள் மேப்ல பில்டிங் தெரியுது ஆனா எது வீடு எது கடைன்னு தெரியல, எங்க ஆரம்பிக்கிறது?

பதில் 1: 2008ல வந்த சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) இரண்டாவது மாஸ்டர் பிளான் மேப்ப எடுங்க. ஆனா அதுல இருக்குற கலர், எதுக்கு ஒதுக்கியிருக்காங்கன்னுதான் காட்டும், இப்ப என்ன இருக்குன்னு இல்ல. இத கலந்துட்டா மொத்த மேப்பும் தப்பாயிடும்.

பதில் 2: ஆமா, இப்ப என்ன இருக்குன்னு தெருத்தெருவா நடந்து பாத்துதான் ஆகணும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்ப (இலவச ஆன்லைன் மேப்) கியூஜிஐஎஸ்ல (மேப் போடுற இலவச சாஃப்ட்வேர்) போட்டு பிரிண்ட் எடுங்க, கீழ கடை மேல வீடுன்னு மாடி மாடியா குறிங்க.

பதில் 3: தயவுசெஞ்சு தண்ணி போற வழியையும் சேருங்க, பக்கத்துலயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். பழைய சர்வே ஆஃப் இந்தியா டோப்போஷீட்ல (மேடு பள்ளம், நீர்நிலை எல்லாம் காட்டுற அரசு மேப்) ஏரி எல்லை இருக்கும், இப்போதைய மேப் மேல வச்சுப் பாருங்க.

கேட்டவர்: டோப்போஷீட் யோசிக்கவே இல்ல, ரொம்ப நன்றி!