மதுரையில் குத்துச்சண்டைக்குக் கட்டண நேரலை எடுபடுமா?

கேள்வி: ரேஸ்கோர்ஸ் பயிற்சியாளர்

வணக்கம். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் தினமும் காலை ஐந்தரை மணிக்கு 22 பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கிறேன். மாசியில் திருநகர்ப் பக்கம் திறந்தவெளியில் எட்டுப் போட்டிகள் நடத்த இருக்கிறோம். மேடை வாடகை, மருத்துவர், ஆம்புலன்ஸ், சாப்பாடு எல்லாம் கூட்டினால் 80,000 ரூபாய் துண்டு விழுகிறது. செல்போனில் நேரலையாகக் காட்டி ஆளுக்கு 49 ரூபாய் வாங்கலாம் என்கிறார் ஒரு பிள்ளையின் அப்பா. 2015இல் குத்துச்சண்டை வீரர்கள் மேவெதரும் பாக்கியாவும் மோதியபோது அமெரிக்காவில் மட்டும் 46 லட்சம் இணைப்புகள், ஏறத்தாழ 100 டாலர் வீதம் விற்றன. நம் ஊரில் 2,000 பேர் கிடைக்கமாட்டார்களா என்பது அவர் கணக்கு.

எனக்கு மனம் ஒப்பவில்லை. பரவை மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவரின் மகள் ஒருத்தி என்னிடம் பயிற்சிக்கு வருகிறாள். கையில் சுற்றும் துணிப்பட்டையை அங்கேயே குழாயடியில் அலசி, வேலிக்கம்பியில் காயப்போட்டு, சுருக்கம் விழாமல் சுருட்டித்தான் பைக்குள் வைப்பாள். அவள் ஆடுவதை ஊர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். காசு கேட்டால் யார் பார்ப்பார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: செல்லூர் கேபிள்காரர்

தம்பி, காசு கேட்காதீர்கள். செல்லூரில் பதினெட்டு வருடம் கேபிள் இழுத்தவன் சொல்கிறேன்.

முதலில் அந்த 46 லட்சம் வீட்டுக்கணக்கு, ஆட்கணக்கு இல்லை. ஒரு வீட்டில் எத்தனை பேர் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று எந்தக் கேபிள்காரனுக்கும் தெரியாது. நமக்கு அந்தச் சண்டை மே 3, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. அறுபதடி ரோட்டில் என் இணைப்பு இருந்த டீக்கடை வாசலில் நாற்பது பேர் நின்றார்கள், பாதிப் பேர் தறிக்காரர்கள். மாஸ்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு சட்டி வடை கருகியது. பன்னிரண்டு சுற்றும் முடிந்தன, ஒருவரும் கீழே விழவில்லை. மேவெதர் நழுவி நழுவியே புள்ளியில் ஜெயித்தார். அன்றைக்கு அரசு கேபிளுக்கு மாதம் 70 ரூபாய். அமெரிக்காவில் அந்த ஒரு சண்டைக்கு வாங்கியது நம் பணத்தில் ஆறாயிரத்துக்கும் மேல். ஏழு வருடக் கேபிள் காசு!

அது எப்படி வந்த பணம் என்பதைப் பாருங்கள். இருவரும் மோதுவார்களா, மாட்டார்களா என்று ஐந்து வருடமாக உலகமே பேசியது; அந்தப் பேச்சுக்கு விழுந்த பணம். அதே மேவெதர் நான்கு மாதம் கழித்து பெர்ட்டோ என்ற வீரருடன் மோதினார், ஐந்து லட்சத்தை ஒட்டித்தான் விற்றது. உங்கள் பரவைப் பெண்ணை இன்னும் ஊருக்குத் தெரியாது. தெரியாத பிள்ளையைப் பார்க்க எவர் காசை எடுப்பார்?

இன்னொன்று. பாக்கியாவ் சண்டையன்று கடைசி நேரத்தில் எல்லோரும் ஒன்றாகப் பணம் கட்ட, அங்கேயே கேபிள் இணைப்புகள் திணறி, சண்டையையே தாமதமாகத் தொடங்கினார்கள். 2003 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின்போது என் ஆம்ப்ளிபயர் புகைந்து படம் போனது. என் வீட்டு வாசலில் தெருவே கூடிவிட்டது. காசு வாங்கிவிட்டால் அதற்கெல்லாம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பதில்: மேலூர்க்காரன், டல்லாஸ்

ஐயா சொல்வது சரி. அன்று எங்கள் அறையில் எட்டுப் பேர், ஆளுக்குப் பன்னிரண்டரை டாலர் போட்டோம். விற்பனைக் கணக்கில் நாங்கள் எட்டுப் பேரும் ஒன்று. பாக்கியாவ் தோள்காயத்தோடு மேடை ஏறினார் என்பது சண்டை முடிந்த பிறகே தெரிந்தது. பணம் கட்டியவர்கள் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பிறகு, இங்கே குத்துச்சண்டையைக் காட்டிவந்த டிவி சேனல்களில் 2018 முடிவில் எச்பிஓவும் 2023 முடிவில் ஷோடைமும் அதை விட்டு விலகின. விளையாட்டே செத்துவிட்டது என்று இங்கே பலர் பேசினார்கள். ஆனால் 2024 நவம்பர் 15 அன்று, டல்லாஸை அடுத்த ஆர்லிங்டனில், 58 வயது முன்னாள் சாம்பியன் டைசனும் யூடியூபில் பிரபலமாகிக் குத்துச்சண்டைக்கு வந்த 27 வயது ஜேக் பாலும் மோதியதைத் தனிக் கட்டணமில்லாமல் சந்தாதாரர்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் காட்டியது. 6 கோடி வீடுகள் பார்த்ததாக நிறுவனமே அறிவித்தது. சண்டை சுவாரசியமாக இல்லை, ஆனால் ஆர்வம் எங்கும் போய்விடவில்லை என்பது தெரிந்தது. அதே மேடையில் நம் நாட்டு நீரஜ் கோயத் ஜெயித்தார். மேலூரில் என் அம்மா விடிந்ததும் தங்கையின் செல்போனில் அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். தனியாகக் காசு கட்டச் சொல்லியிருந்தால் அம்மா பார்த்திருக்கவே மாட்டார்.

பதில்: அலங்காநல்லூர் ஆசிரியை

பயிற்சியாளர் தம்பிக்கு, நம்மிடம் இருக்கும் வழியை ஏன் விட வேண்டும்? எங்கள் ஊர் வாடிவாசலில் மாடு வெளியே வருவதற்குள் மைக்கில், இன்னார் வழங்கும் அண்டா, இன்னார் வழங்கும் சைக்கிள் என்று பெயர் முழங்கும். அந்தப் பெயருக்காகவே கடைக்காரர்கள் கொடுக்கிறார்கள். ஒரு போட்டிக்கு ஒரு கடை என்று பிடியுங்கள். வாசலில் மேசை போட்டு மொய் நோட்டு வையுங்கள். டிக்கெட் என்றால் திரும்பிப் போகிறவர்கூட, நோட்டைப் பிரித்தால் இனிஷியலோடு பெயரைச் சொல்லி நூறு ரூபாய் எழுதுவார். என் பெயரை முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள், 500.

பதில்: ரேஸ்கோர்ஸ் பயிற்சியாளர்

எல்லோருக்கும் நன்றி. நேரலை இலவசம் என்று முடிவு செய்துவிட்டோம். அக்கா சொன்னபடி நேற்றே கிளம்பினேன். பரவையில் வெங்காயக் கமிஷன் கடைக்காரர் முதல் போட்டியையும், பழங்காநத்தத்தில் ஒரு டயர் கடைக்காரர் கடைசிப் போட்டியையும் ஏற்றுக்கொண்டார்கள். இன்னும் ஆறு வேண்டும். கேபிள் ஐயா, அன்று கேமரா வயர்களைப் பார்த்துக்கொள்ள வர முடியுமா? விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: மைக்கில் தன் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்வார்களா என்று.