குரோமேக்ஸ் சந்தேகம்: என் தண்ணீர் 4 டிகிரியில் திரும்பவே மாட்டேன் என்கிறது

வேளச்சேரி வாணி:
எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக நீரின் அடர்த்தியை குரோமேக்ஸ் (மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் மென்பொருள்) சிமுலேஷனில் பார்க்கிறேன். 1000 மூலக்கூறுகள், 1 பார் அழுத்தம், டிப்3பி மாடல் (ஒரு நீர் மூலக்கூறை மூன்று புள்ளிகளாக வைத்துக் கணக்கிடுவது). 4 டிகிரியில் உச்சம் வந்து, அதற்குக் கீழே அடர்த்தி குறைய வேண்டும் அல்லவா? எனக்கு 27 டிகிரியில் கனமீட்டருக்கு 985 கிலோ, 4 டிகிரியில் ஆயிரத்துக்கு மேல், 0-வில் இன்னும் அதிகம். மைனஸ் 20 வரை இறக்கியும் ஏறிக்கொண்டேதான் போகிறது. டைம் ஸ்டெப்பைக் குறைத்தும் பார்த்துவிட்டேன். கத்திரி வெயிலில் லேப்டாப் தோசைக்கல்லாகிவிட்டது. எங்கே தப்பு?

பல்லாவரம் பாலு:
சென்னையில் 4 டிகிரி தண்ணீரை ஃப்ரிட்ஜுக்கு வெளியே யாரம்மா பார்த்தது!

தரமணி அண்ணா:
உன் மேல் தப்பில்லை வாணி, மாடலே அப்படித்தான். டிப்3பி-யின் அடர்த்தி உச்சம் கிட்டத்தட்ட மைனஸ் 91 டிகிரியில் இருக்கிறது. நிஜ நீர் 4 டிகிரிக்குக் கீழே குளிரும்போது ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பக்கத்து மூலக்கூறுகளோடு நான்முகி வடிவில் பிணைந்து, நடுவில் இடம் விட்டு விரிகிறது. டிப்3பி-யில் அந்த ஒழுங்கு ரொம்பப் பலவீனம். ஆக்ஸிஜன்-ஆக்ஸிஜன் ஆர்டிஎஃப் (ஓர் ஆக்ஸிஜனிலிருந்து எந்தத் தூரத்தில் மற்ற ஆக்ஸிஜன்கள் அதிகம் என்று காட்டும் வரைபடம்) போட்டுப் பார்: 2.8 ஆங்ஸ்ட்ராமில் முதல் முகடு இருக்கும், 4.5 பக்கத்தில் வரவேண்டிய இரண்டாவது முகடு கிட்டத்தட்டக் காணாமல் போயிருக்கும்.

டிப்4பி/2005 என்ற நான்கு புள்ளி மாடலுக்கு மாறு. அதில் ஆக்ஸிஜனின் மின்சுமையை, ஹைட்ரஜன்கள் இருக்கும் பக்கமாக 0.15 ஆங்ஸ்ட்ராம் தள்ளி, நிறையில்லாத நான்காவது புள்ளியில் வைத்திருப்பார்கள்.

வேளச்சேரி வாணி:
நன்றி அண்ணா, முகடு நிஜமாகவே இல்லை! ஆனால் டோபாலஜியை (மாடலை விவரிக்கும் கோப்பை) மாற்றியதும், ஓட்டத்துக்கு முன் எல்லாவற்றையும் சரிபார்க்கும் கிராம்ப் கட்டளை கத்துகிறது: பெட்டிக் கோப்பில் 3000 புள்ளிகள், டோபாலஜியில் 4000 என்று.

தரமணி அண்ணா:
பழைய பெட்டியையே கொடுத்திருக்கிறாய். அதில் மூன்று புள்ளி நீர்தான் இருக்கும். ஸ்பிசி216 கோப்புக்குப் (216 மூன்று புள்ளி நீர் மூலக்கூறுகள் கொண்டது) பதில் டிப்4பி கோப்பை வைத்துப் பெட்டியைப் புதிதாக நிரப்பு. (ரஹ்மானும் ஸ்டில்லிங்கரும் 1971-இல் திரவ நீரை மூலக்கூறு இயக்கவியல் முறையில் முதன்முதலில் சிமுலேட் செய்தபோதும் 216 மூலக்கூறுகள்தான். அனீசுர் ரஹ்மான் நம் ஹைதராபாத்தில் பிறந்தவர். நீ போடும் பாரினெல்லோ-ரஹ்மான் பாரோஸ்டாட்டில் (அழுத்தத்தை நிலையாக வைக்கும் முறையில்) இருப்பதும் அவர்தான்.)

வேளச்சேரி வாணி:
ஓடியது. ஆனால் 0, 2, 4, 6, 8 டிகிரிகளில் புள்ளிகள் கோணல்மாணலாக விழுகின்றன. ஒவ்வொன்றும் 1 நானோ செகண்ட் ஓட்டியது.

தரமணி அண்ணா:
வித்தியாசம் எவ்வளவு என்று யோசித்தாயா? நிஜ நீருக்கு 0-வில் 999.84, 4-இல் 999.97. வெறும் 0.13 கிலோ. உன் பெட்டியின் அடர்த்தியோ கணத்துக்குக் கணம் ஏழெட்டு கிலோ குதிக்கும். 1 நானோ செகண்ட் சராசரியில் அது அடங்காது. 4 டிகிரியையே உற்றுப் பார்க்காதே. மைனஸ் 20 முதல் 30 வரை பத்து பத்து டிகிரியாக நீளமாக ஓட்டி, வளைகோடு பொருத்தி உச்சத்தைக் கண்டுபிடி. நிஜ நீர் மைனஸ் 20-இல் 993.5, அந்த இறக்கம் கண்ணிலேயே தெரியும். மாடலின் உறைநிலை சுமார் மைனஸ் 23, அதனால் உறைந்துவிடும் என்ற பயமில்லை. அப்புறம், நீள்தூரத் திருத்தத்தை (வெட்டுத் தூரத்துக்கு அப்பால் விடுபடும் ஈர்ப்பைச் சேர்ப்பதை) அணைத்து வைக்காதே, அடர்த்தி குறைவாக வரும்.

வேளச்சேரி வாணி:
லேப் கம்ப்யூட்டரில் நான்கு இரவு ஓட்டினேன். திரும்பிவிட்டது! ஆனால் உச்சம் 5 டிகிரியில் வருகிறதே?

தரமணி அண்ணா:
அந்த மாடலுக்கு அதுதான், 278 கெல்வின். ரிப்போர்ட்டில் 5 என்றே போடு.