சிறைக்குள் செல்லுமா இந்த ஆறு படித் தாள்?

பாகாயம்காரி | இரவு 8:10

வேலூரில் மனநல ஆற்றுப்படுத்துநராக வேலை செய்கிறேன். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு வருகிறவருடன் உட்கார்ந்து நாங்கள் நிரப்பும் தாள் ஒன்று உண்டு. ஸ்டான்லி, பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்தது. ஆறு படிகள். எண்ணம் தலைதூக்கும் அறிகுறி என்ன. அதைத் தனியாக எப்படிக் கடத்துவது. மனத்தைத் திருப்ப யாரிடம், எங்கே போவது. யாரிடம் வாய்விட்டு உதவி கேட்பது. எந்த மருத்துவரை, எந்த உதவி எண்ணை அழைப்பது. ஆபத்தான பொருளைக் கைக்கு எட்டாமல் வைப்பது எப்படி.

விசாரணைக் கைதி ஒருவரின் அக்கா இதைப் படித்துவிட்டு, "முதல் இரண்டு படியைத் தவிர என் தம்பியால் எதைச் செய்ய முடியும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் எங்கேயும் போக முடியாது, யாரையும் அழைக்க முடியாது, தன் அறையில் என்ன இருக்க வேண்டும் என்பதும் அவர் கையில் இல்லை.

உச்ச நீதிமன்றம் நியமித்த அமிதவ ராய் குழுவின் கணக்குப்படி, 2017 முதல் 2021 வரை இந்தியச் சிறைகளில் இயற்கைக்கு மாறான மரணங்கள் 817. அவற்றில் 660 தற்கொலை. தாளைச் சிறைக்கு ஏற்றபடி மாற்றி எழுத வேண்டும் என்கிறேன். தென் மாநிலச் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் ஆப்கா நிறுவனம் 1979 முதல் நம் ஊரில்தான் இருக்கிறது. இங்கிருந்தே தொடங்கினால் என்ன?

நெறியாளர் | இரவு 8:25

தற்கொலை முறைகளைப் பற்றிய விவரம் எதையும் யாரும் எழுத வேண்டாம், எழுதினால் நீக்கப்படும். இதைப் படிக்கும்போது மனம் கனத்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 அல்லது 104-ஐ அழையுங்கள். பகலிலும் இரவிலும் எடுப்பார்கள்.

பழைய வார்டர் | இரவு 9:02

அம்மா, 31 ஆண்டு சிறைத்துறையில் இருந்து தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவன் நான். தாளுக்கு அங்கே பஞ்சமில்லை. மாலையில் நீதிமன்றத்திலிருந்து வேன் வந்து நிற்கும். பதினைந்து பேர் இறங்குவார்கள். சோதனை, அங்க அடையாளம், வாரண்டு சரிபார்ப்பு, பதிவேடு. கைதிகளை உள்ளே வைத்துப் பூட்டும் அடைப்பு நேரம் நெருங்கிக்கொண்டிருக்கும், சமையற்கட்டிலிருந்து எத்தனை சாப்பாடு என்று ஆள் வந்து நிற்பான். அந்த வரிசையில், பின்னால் பதினான்கு பேர் காது கொடுத்திருக்க, "சாகும் எண்ணம் உண்டா?" என்று கேட்டால் எவன் "ஆமாம்" என்பான்? "இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவோம். நானும் அப்படித்தான் எழுதினேன். மறைக்க என்ன இருக்கிறது.

இரவில் ஒரு பிளாக்குக்கு ஒரு காவலர். அவரிடம் ஆறு படியைக் கொடுத்து என்ன பயன்? தாள் வேண்டாம், ஆள் கொடுங்கள்.

பாகாயம்காரி | இரவு 9:20

ஐயா, நீங்கள் சொன்னதையே என் கட்சிக்குச் சாட்சியாக வைத்துக்கொள்கிறேன். கேள்வியில் குற்றமில்லை, கேட்ட இடத்தில்தான் குற்றம். 2007-இல் உலக சுகாதார நிறுவனம் சிறைகளுக்கென்று வெளியிட்ட கையேடும் நுழைவாயிலில் ஒரு முறை கேட்டால் போதாது என்றுதான் சொல்கிறது. முதல் சில நாட்கள், நீதிமன்றம் போய்த் திரும்பிய நாள், வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்த நாள், இப்படி மறுபடி மறுபடி கேட்க வேண்டும்.

பேர்ணாம்பட்டான் | இரவு 10:47

எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவன் நான். ஒரு வழக்கில் விசாரணைக் கைதியாக ஏழு மாதம் உள்ளே இருந்தேன். பிறகு விடுதலை ஆனேன். எந்தச் சிறை என்று சொல்லப்போவதில்லை.

ஐயா சொன்ன வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். "இல்லை" என்றுதான் சொன்னேன். அன்று அது உண்மையும்கூட. எண்ணம் வந்தது மூன்றாவது வாய்தாவுக்குப் பிறகு. ஜாமீன் தள்ளுபடி. அந்த வாரம் மனு பார்க்க, அதாவது என்னைச் சந்திக்க, வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. மனு நாளில் பெயர் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறீர்களா? காலையிலிருந்து ஒவ்வொரு பெயராக வரும். நம் பெயரின் முதல் எழுத்தில் இன்னொருவன் இருந்தால் பாதி எழுந்து, மறுபடி உட்கார வேண்டும். பிற்பகலில் குரல் நின்றுவிடும். அதற்குப் பிறகு வரும் இரவுதான் இரவு.

யாரிடமும் சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கு முன்பு சொன்னவனை என்ன செய்தார்கள் என்று பார்த்திருந்தேன். தனிச் செல்லில் போட்டார்கள். பேச்சுத் துணைக்கு இருந்த ஆட்களும் போனார்கள்.

என்னைக் காப்பாற்றியது ஓர் ஆயுள் தண்டனைக் கிழவர். மருத்துவமனை பிளாக்கில் எனக்குப் பக்கத்துப் படுக்கை. என் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தினமும் அடைப்புக்குப் பிறகு, "இன்று எந்த ஷூ?" என்பார். நான் வெட்டிய தோலை எடுத்து ஓரம் சீவுவதிலிருந்து ஆரம்பித்து, எங்கே இரட்டைத் தையல், எங்கே மடிப்பு என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஒரு வேலையை விட்டுவிட்டால், "இந்த ஷூவைப் போட்டால் கால் வெளியே வந்துவிடும், முதலிலிருந்து தை" என்பார். பாதி ஷூவில் தூங்கிவிடுவேன். அவர் எந்தத் தாளையும் படித்தவரல்ல.

பாகாயம்காரி | இரவு 11:05

அண்ணா, இரண்டாம் படியும் மூன்றாம் படியும் அதுதான். இதைவிட நன்றாக எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

காட்பாடி வழக்கறிஞர் | காலை 6:30

பேர்ணாம்பட்டு நண்பர் சொன்ன பயத்தைச் சட்டமும் ஊட்டி வளர்க்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. நல்லது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும் 2024 ஜூலையோடு போய்விட்டது. ஆனால் புதிய நியாய சம்ஹிதாவில் 226 என்று ஒன்று வந்திருக்கிறது: அரசு ஊழியரை அவர் கடமையில் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயன்றால் குற்றம். சிறைக்குள் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் அரசு ஊழியர்கள். "மருத்துவமனைக்கு மாற்றச் சொல்லி மிரட்டினான்" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

ஆகவே நிரப்பிய தாள், கைதியைப் பற்றிச் சிறை வைத்திருக்கும் பதிவான ஹிஸ்டரி டிக்கெட்டோடு சேர்த்துக் கட்டப்படுமானால், என் கட்சிக்காரரை அதில் எழுத வேண்டாம் என்றே சொல்வேன். நாளைக்கு ஜாமீன் மனுவிலும் அது வந்து நிற்கும்.

பழைய வார்டர் | காலை 7:15

வக்கீல் சார், மிரட்டுகிறவனே இல்லை என்பீர்களா? பிளாக் மாற்றச் சொல்லி, பீடி கேட்டு, கையைக் கிழித்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவன் இறந்துவிட்டால் நீதித்துறை நடுவர் விசாரணை, 24 மணி நேரத்துக்குள் மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல். முதலில் சஸ்பெண்ட் ஆகிறவன் இரவுக் காவலன். அவனுக்கும் பயம் உண்டு. தனிச் செல்லில் போடுவது வன்மத்தால் அல்ல. ஒருவனையே பார்த்துக்கொண்டிருப்பது சுலபம் என்பதால்.

பாகாயம்காரி | காலை 7:40

சுலபம்தான், ஆனால் யாருக்கு? தனிமை ஆபத்தைக் கூட்டும் என்பது அந்தக் கையேட்டிலேயே இருக்கிறது. பீடிக்காகக் கிழித்துக்கொண்டவன் என்று நீங்கள் சொல்கிறவனும் சாகக்கூடியவன்தான், ஐயா. ஒரு பீடிக்காகத் தன் தோலைக் கிழிக்கிற நிலைக்கு வந்துவிட்டவன் நலமாக இருக்கிறான் என்று எப்படிச் சொல்வது?

பிரிட்டனில், மனம் உடைந்தவர்களுக்குக் காது கொடுக்கும் சமாரிட்டன்ஸ் அமைப்பு 1991-இல் ஸ்வான்சி சிறையில் ஒரு வேலையைத் தொடங்கியது. கைதிகளையே தேர்ந்தெடுத்து, காது கொடுத்துக் கேட்கப் பயிற்சி தந்தது. கேட்டதை அவர்கள் அதிகாரியிடம் சொல்வதில்லை. நம் தேசிய மனித உரிமை ஆணையமும் 2023-இல், ஆபத்தில் இருப்பவரை அடையாளம் காண, தேர்ந்தெடுத்த கைதிகளுக்குப் பயிற்சி தரச் சொல்லியிருக்கிறது.

பழைய வார்டர் | காலை 8:03

கைதிக்குப் பதவி கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரியாமல் பேசுகிறீர்கள். மற்றவர்களை மேய்க்க ஒரு தண்டனைக் கைதிக்குக் கன்விக்ட் வார்டர் என்று ஒரு பட்டை குத்தினாலே, அடுத்தவன் சோப்பில் பாதி அவனுக்குப் போய்விடும். இவனுக்கு அடுத்தவன் ரகசியமும் கிடைத்தால்?

பேர்ணாம்பட்டான் | காலை 8:50

இதில் ஐயா சொல்வது சரி. கிழவரிடம் எந்தப் பட்டையும் இருக்கவில்லை. அதனால்தான் பேசினேன். பட்டை குத்திய ஒருவன் வந்து "மனசு எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருந்தால் "நல்லா இருக்கிறது அண்ணே" என்று சொல்லியிருப்பேன்.

காட்பாடி வழக்கறிஞர் | காலை 9:10

அப்படியானால் அமைப்பே வேண்டாம், ஊருக்கு ஒரு கிழவர் கிடைக்கட்டும் என்று விட்டுவிடுவதா? சிறையில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் மனுக்கள் வேகமாக நகர்ந்தாலே இந்தத் தாளுக்கான தேவை பாதி குறைந்துவிடும். 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், முதன்முறை சிறைக்கு வருகிறவர்களுக்கு ஆற்றுப்படுத்துநரை நியமிக்கவும், குடும்பச் சந்திப்பு நேரத்தை நீட்டிக்க யோசிக்கவும் சொன்னது. முதலில் அதைச் செய்யட்டும்.

பாகாயம்காரி | காலை 9:35

செய்யட்டும், நானும் கோரிக்கை மனுவில் கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை இன்றிரவு அடைபடுகிறவனுக்கு என்ன வழி? இரவெல்லாம் யோசித்து எழுதியதை இங்கே வைக்கிறேன். குறை சொல்லுங்கள்.

எனக்குக் கெட்ட நாள்: வாய்தா / மனு வராத நாள் / கடிதம் / வேறு.
அடைப்புக்குப் பிறகு மனத்துக்குள் செய்யும் வேலை: ........
பக்கத்தில் பேசக்கூடியவர்: ........
இரவில் காவலரைக் கூப்பிட நான் சொல்லும் சொல்: ........
வீட்டில் யாருக்குத் தகவல் போக வேண்டும்: ........

ஆறாம் படியை எடுத்துவிட்டேன். அறையில் என்ன இருக்கலாம் என்பது சிறையின் பொறுப்பு. கைதி தலையில் கட்டக் கூடாது.

பழைய வார்டர் | காலை 10:20

நான்காவது வரி உதவாது. இரவில் சொல் கேட்காது, பிளாக் நீளம் அப்படி. சாப்பாட்டுத் தட்டைக் கம்பியில் தட்டுவார்கள். ஆனால் தண்ணீருக்கும் தட்டுவார்கள், வயிற்றுவலிக்கும் தட்டுவார்கள், சும்மாவும் தட்டுவார்கள். இதற்கென்று தனியாக ஒரு தட்டு முறை வையுங்கள், இரவுப் பணிக்கு வருகிற எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்கள். தட்டினால் தனிச் செல் இல்லை, டூட்டி மருந்தாளுநர் வருவார் என்று கண்காணிப்பாளர் கையெழுத்தோடு உத்தரவு வேண்டும். அது இல்லாமல் எவனும் தட்ட மாட்டான், எந்தக் காவலனும் போக மாட்டான்.

நான் இன்னும் உங்கள் தாளை ஏற்கவில்லை. இந்த ஒரு வரிக்காகச் சொல்கிறேன்.

காட்பாடி வழக்கறிஞர் | காலை 10:41

நிரப்பிய பிறகு அது யாரிடம் இருக்கும்?

பாகாயம்காரி | காலை 10:44

கைதியிடமே. நகல் கிடையாது.

பேர்ணாம்பட்டான் | பகல் 1:15

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். மூன்றாவது வரியை எடுத்துவிடுங்கள். சோதனையில் தாள் சிக்கினால் அந்தப் பெயருக்குரியவரையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். கிழவரின் பெயரை நான் ஒருநாளும் எழுதியிருக்க மாட்டேன்.