கவியின் கடைசிப் பல்

சுதா: கவி நேற்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. கீழ்த்தாடையில் வலப்பக்கம் ஞானப்பல். வாய்க்குள் இரண்டு விரல்கூட நுழையவில்லை. டாக்டர் எடுக்கச் சொல்கிறார். வெள்ளிக்கிழமை பரீட்சை வேறு

பெரியம்மா: ஐயோ குழந்தை

மணி: குழந்தைக்கு 21 வயது பெரியம்மா

பெரியம்மா: 68 வயதில் எனக்கு நாலு ஞானப்பல்லும் அப்படியே இருக்கிறது. முளைத்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்டே இருந்தால் எப்படி?

சுந்தரம் மாமா: எல்லோரும் பொறுமையாகப் படிக்கவும். அக்காவுக்கு நேராக முளைத்தது, பிரஷ் எட்டுகிறது, சொத்தை இல்லை. அதைத் தொட வேண்டியதில்லை. நோய் இல்லாத புதைந்த ஞானப்பல்லைச் சும்மா எடுக்காதீர்கள் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2000-இலேயே சொல்லிவிட்டது. கவியுடையது பாதி வெளியே, பாதி ஈறுக்குள் இருக்கும். மேலே ஈறு மடல் மாதிரி மூடியிருக்கும். அதனடியில் துணுக்குகள் போய் அடைந்து கிருமி சேரும். வீக்கம், சீழ், வாய் திறக்காதது எல்லாம் அதனால்தான். மாத்திரை போட்டால் அடங்கும். மடல் அங்கேயேதான் இருக்கும், அதனால் திரும்ப வரும்

மணி: மூச்சு வாங்குகிறது மாமா

சித்தப்பா: எனக்கு நாலுமே கிடையாது. எக்ஸ்ரேயில் பார்த்துச் சொன்னார்கள். சிலருக்கு அப்படித்தானாம்

பெரியம்மா: எக்ஸ்ரே வேறு எடுக்கணுமா, எங்களைக் கேட்டிருக்கலாமே 😂

சித்தப்பா: ஆரம்பித்துவிட்டீர்கள்

மணி: ஞானப்பல் தள்ளித்தானே முன்பல் கோணுகிறது? எடுத்தால் நல்லதுதான்

சுந்தரம் மாமா: அதற்காக மட்டும் எடுக்கக் கூடாது. வயதானால் முன்பல் தானாகவே நெருங்கும், பழி இதன் மேல். சுதா, எக்ஸ்ரேயில் என்ன?

சுதா: முன்னால் சாய்ந்து பக்கத்துப் பல்லை இடிக்கிறதாம். அந்தப் பல்லின் பின்பக்கம் சொத்தை ஆரம்பம்

சுந்தரம் மாமா: அப்படியானால் எடுத்துத்தான் ஆக வேண்டும். தள்ளிப் போடாதே. எனக்கு 46 வயதில் எடுத்தார்கள். வேர் நரம்பை ஒட்டி இருந்தது. நாலு மாதம் கீழுதடு மரத்தே கிடந்தது. சவரம் செய்யும்போது வெட்டினால் கண்ணாடியில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். கவி வயதில் வேர் முழுதாக வளர்ந்திருக்காமல் இருக்கலாம், எலும்பும் இளக்கம், லேசாக வரும். முழுத்தாடை எக்ஸ்ரே எடுத்து நரம்பு எங்கே ஓடுகிறது என்று பார்க்கச் சொல்

சித்தி: நீலப் பெட்டி யாரிடம் இருக்கிறது?

பெரியம்மா: போன வருஷம் நான் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை

சித்தி: அக்கா, நான் சாதாரணமாகத்தான் கேட்டேன்

மணி: எடுத்த பிறகு ஜாக்கிரதை கவி. எனக்கு மூன்றாம் நாள் காது வரை வலி. குழியில் உறைந்த ரத்தம் பிய்ந்துவிட்டதாம். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சியதுதான் தப்பு

பெரியம்மா: உறிஞ்சியது ஸ்ட்ராவையா, சிகரெட்டையா?

மணி: 🙏

கவி: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்

பெரியம்மா: பேசாதே கண்ணு, வலிக்கும்

கவி: டைப் பண்ணினால் வலிக்காது பெரியம்மா

சுதா: முதலில் மடலுக்கு அடியில் கழுவிவிட்டு, வீக்கம் வடிந்ததும் எடுக்கலாமா என்று கேட்கிறேன். பரீட்சை முடிந்துவிடும்

சுந்தரம் மாமா: கேள். ஆனால் விழுங்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது, வீக்கம் கழுத்துக்கு இறங்குகிறது என்றால் பரீட்சையைப் பார்க்காதே, நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடு

சுதா: சரி மாமா. நாளை காலை யார் கூட வருகிறீர்கள்?

மணி: எனக்கு மீட்டிங்

சித்தப்பா: பார்க்கலாம்

சித்தி: பெட்டி?