யாரும் பார்க்காதப்போ அல்வா, மறுநாள் பட்டினி: இதுல இருந்து எப்படி வெளிய வர்றது?

கணக்கு டீச்சர் கேட்டது:

வணக்கம். பிறந்தது திருநெல்வேலி டவுன், வாக்கப்பட்டது கோயம்புத்தூர். வயசு 44. எட்டாவது, ஒன்பதாவதுக்குக் கணக்கு எடுக்கிறேன். கேள்வி சின்னதுதான், சொல்லிவரக் கொஞ்சம் நீளும்.

ஜூன்ல ஸ்கூல்ல எல்லா டீச்சருக்கும் சேர்த்து ரத்தப் பரிசோதனை வச்சாங்க. எனக்கு ஹெச்பிஏ1சி, அதான் ரெண்டு மூணு மாசச் சராசரி சுகர், 6.1. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, "சுகர் இன்னும் உள்ள வரல, வாசப்படியில நிக்குது. 5.7ல இருந்து 6.4 வரைக்கும் அந்த வாசப்படிதான். மாத்திரை வேண்டாம். 5 கிலோ குறைங்க, நடங்க, டீயில சீனியைக் குறைங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க"ன்னார். எங்க அப்பாவுக்கு ரெண்டு கால்விரல் எடுத்தது சுகராலதான். அதனால என்னைப் பயமுறுத்த யாரும் மெனக்கெட வேண்டியதில்ல.

அன்னைக்கே ஒரு 40 பக்க நோட்டு போட்டேன். சாப்பிட்டதை எல்லாம் நீல மையில எழுதுவேன். சாப்பிடக்கூடாததைச் சாப்பிட்டா சிவப்பு மையில ஒரு பெருக்கல் குறி. பேப்பர் திருத்துற பேனாதான். ராத்திரிச் சோறு போய் ரெண்டு சப்பாத்தி வந்துச்சு. பஜ்ஜி, முறுக்கு, பப்ஸ் எல்லாம் நின்னுச்சு. ஸ்டாஃப் ரூம்ல யாருக்காவது பிறந்தநாள்னா என் பங்கு கேக்கை ஆயாம்மாகிட்ட கொடுத்துருவேன். ஏழு வாரம். 3 கிலோ குறைஞ்சுது. நோட்டுல ஒரு சொட்டுச் சிவப்பு கிடையாது.

அப்புறம் எங்க அண்ணன் வந்தான். நாகர்கோவில் ரயில்ல விடியக்காலம் வந்து இறங்கினான், கையில அரைக்கிலோ அல்வா. பெட்டிக்கு வெளிய நெய் கசிஞ்சு பை எல்லாம் பிசுபிசுன்னு இருந்துச்சு. எல்லாரும் ஆளுக்கொரு விள்ளல் எடுத்தாங்க. நான், "எனக்கு வேண்டாண்ணே, விட்டுட்டேன்"னேன். எங்க அத்தை, மாமியாரைத்தான் சொல்றேன், "பாருங்க தம்பி, உங்க தங்கச்சிக்கு என்ன வைராக்கியம்"னு பெருமையாச் சொன்னாங்க. அந்த ஒரு சொல்லுல மாட்டிக்கிட்டேன். அதுக்கப்புறம் பகல்ல எப்படிக் கை வைக்கிறது?

ராத்திரி 11 மணி. தண்ணி குடிக்கப் போனேன். துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னாடி பெட்டி. விரல் நுனியில கொஞ்சம் கிள்ளினேன். எப்படியும் ஒரு பெருக்கல் குறி விழுந்தாச்சு, இன்னும் கொஞ்சம் எடுத்தா என்னன்னு இன்னும் கொஞ்சம். அப்படியே போய் 150 கிராமாவது உள்ள போயிருக்கும். ருசி தெரிஞ்சுதான்னு கேட்டா, தெரியல. தொண்டையில வழுக்கிட்டு இறங்கினது மட்டும் ஞாபகம் இருக்கு. பின்னாடி என் பொண்ணு, 11 வயசு, "லைட் போடட்டுமாம்மா?"ங்கிறா. விரல்ல நெய்யோட, "தண்ணி குடிக்க வந்தேன்டி"ன்னு சொன்னேன்.

மறுநாள் தண்டனையா காலைச் சாப்பாட்டை விட்டேன். நாலாவது பீரியட்ல தலைவலி, 9 பி பிள்ளைங்களைக் காரணமே இல்லாம கத்தினேன். ராத்திரி மறுபடியும் அதே டப்பா. மூணு நாள் இப்படி.

இதைக்கூட யார்கிட்டயும் சொல்லாம விட்டிருப்பேன். போன சனிக்கிழமை ஒரு பிறந்தநாளுக்குப் போன பொண்ணு அவ பங்கு கேக்கை டிஷ்யூ பேப்பர்ல சுத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தா. "இதைச் சாப்பிட்டா நானும் நோட்டுல எழுதணுமாம்மா?"ன்னு கேட்டா.

அல்வாவை விடுறதா, நோட்டை விடுறதா? மனசு உறுத்தினாத்தான் கட்டுப்பாடு வரும்னு நினைச்சிட்டு இருந்தேன். உறுத்தல் வந்த அளவுக்குக் கட்டுப்பாடு வரக் காணோம்.

சீனி இல்லா வீடு:

சகோதரி, வெள்ளைச் சீனி விஷம். கருப்பட்டிக்கு மாறுங்க. எங்க வீட்ல நாலு வருஷமா சீனியே வாங்கல. கேப்பையில கருப்பட்டி போட்டு அல்வா கிண்டினா எவ்வளவு வேணா சாப்பிடலாம், உடம்புக்கு ஒண்ணும் செய்யாது. குற்ற உணர்ச்சியும் வராது.

தட்டும் தராசும்:

14 ஆண்டுகளாக உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். முதலில் மேலே உள்ளவருக்கு: கருப்பட்டி, வெல்லம், நாட்டுச்சர்க்கரை மூன்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியில் இருப்பதும் அதேதான். மணம் வேறு, கொஞ்சம் தாதுக்கள் கூட இருக்கும். ஆனால் ரத்தத்துக்கு அந்த மணம் தெரியாது. "எவ்வளவு வேணா" என்று சுகர் வாசலில் நிற்பவரிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். கருப்பட்டியை நம்பி சுகரை 300க்கு ஏற்றிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டீச்சர், "எப்படியும் ஒரு குறி விழுந்தாச்சு" என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் ஒரு பழைய ஆய்வு நினைவுக்கு வந்தது. 1975இல் அமெரிக்காவில் ஹெர்மன், மேக் என்ற இருவர் கல்லூரிப் பெண்களை வைத்துச் செய்தது. சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோரிடமும் ஐஸ்கிரீமை ருசி பார்த்துச் சொல்லுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள், நியாயம்தானே. எப்போதும் வாயைக் கட்டிக்கொண்டிருப்பவர்களோ மில்க்‌ஷேக் குடித்த பிறகுதான் அதிகமாகச் சாப்பிட்டார்கள். விரதம் முறிந்தது, இனி என்ன என்ற கணக்கு. உங்கள் வீட்டில் அந்த மில்க்‌ஷேக் வேலையைச் சிவப்புப் பேனா செய்திருக்கிறது.

காலைச் சாப்பாட்டை விட்டதுதான் இரண்டாம் நாள் ராத்திரியைக் கொண்டுவந்தது. அதை மட்டும் இனிச் செய்யாதீர்கள். அல்வா சாப்பிடுவதென்றால் மதியச் சாப்பாட்டோடு, காய், பருப்பு, மோர் எல்லாம் போன பிறகு, ஒரு துண்டு. வெறும் வயிற்றில் வேண்டாம்.

எனக்கு ஒரு சந்தேகம். நோட்டில் நீல மையில் என்னவெல்லாம் இருக்கிறது? டீ எத்தனை, எத்தனை ஸ்பூன்? உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு, சேர்க்கிற சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5க்குள். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அந்த 5 சதவீதம் சுமார் 25 கிராம். உங்கள் வீட்டு ஸ்பூனை ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. இப்படி ஒளித்து அளவு தெரியாமல் சாப்பிடுவது வாரா வாரம் நடக்க ஆரம்பித்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். அது குணக்கேடு இல்லை, பார்த்துச் சரிசெய்யக்கூடிய விஷயம்.

காலை நடை:

சென்னை, வயசு 52. எனக்கும் நாலு வருஷம் முன்னாடி 6.0. அப்போ டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நம்ம நாட்டு ஆளுங்களை வச்சுச் செஞ்ச ஆய்வைப் பத்திப் படிச்சேன், 2006ல வெளியானது. ஏறக்குறைய நம்மள மாதிரி வாசப்படியில நின்னவங்க 531 பேர். மூணு வருஷத்துல, வழக்கம்போல இருந்தவங்கள்ல 55 சதவீதம் பேருக்குச் சுகர் வந்துச்சு. நடை, சாப்பாட்டு மாத்தம்னு இருந்தவங்கள்ல 39.3 சதவீதம். அதாவது ஒழுங்கா இருந்தவங்களுக்கும் வந்திருக்கு, ஆனா கணிசமாக் குறைவு. கணக்கு டீச்சருக்கு நான் விளக்கணுமா? ஒரு ராத்திரி 150 கிராம் இந்தக் கணக்குல எங்கயும் வராது. ராத்திரி சாப்பிட்டதும் 15 நிமிஷம் தெருவுல நடங்க. 11 மணிக்குச் சமையல்கட்டுக்குப் போற கால் கொஞ்சம் அசந்து தூங்கும்.

பாளையங்கோட்டை தாத்தா:

ஏ தாயி, நம்ம ஊர்ப் புள்ளையா நீ? எனக்கு வயசு 71. சுகர் வந்து 22 வருசம் ஆச்சு. சொல்லுதேன் கேளு.

சுகர்னு தெரிஞ்ச மொத வருசம் எங்க வீட்டுக்காரி இனிப்பை எல்லாம் பீரோவுல வச்சுப் பூட்டிட்டா. நான் சாயங்காலம் பேப்பர் வாங்கிட்டு வாரேன்னு பஸ் ஏறி டவுனுக்குப் போயி, கடையில நின்னு 100 கிராம் தின்னுட்டு, கையைக் கழுவிட்டு வந்துருவேன். எட்டு மாசம் ஓடுச்சு. ஒருநா என் தோள்துண்டைத் தொவைக்க எடுத்தவ மோந்து பாத்துட்டு, "பேப்பர்ல இப்பல்லாம் நெய் தடவியா விக்கான்?"னு கேட்டா. அன்னைக்கு எனக்கு வந்த வெக்கம் இருக்கே, ஆபரேசன் பண்ணினப்பகூட அப்படி வலிக்கல.

அப்புறம் ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சேந்து போறது. 100 கிராம், ஒரே இலையில, ஆளுக்குப் பாதி. டாக்டருக்கும் தெரியும். மத்த நாளு அல்வாவைப் பத்திப் பேச்சே கெடையாது. 21 வருசமா அப்படித்தான். இது எனக்கு ஒத்து வந்தது, உனக்கு உன் டாக்டரைக் கேட்டுக்கோ.

ஒண்ணு மட்டும் கோவமா வருது தாயி. ஆறின அல்வாவையா தின்னே? சம்பாக் கோதுமையை ஊறப்போட்டு, ஆட்டிப் பாலெடுத்து, ஒரு ராத்திரி பூரா புளிக்க வச்சு, சீனியும் நெய்யுமாப் போட்டு ஒருத்தன் வேர்க்க வேர்க்கக் கிண்டியிருக்கான். சூட்டோட நாக்குல வச்சா பல்லுக்கு வேலையே இருக்காது. ஆறினா வாரு செருப்பு மாதிரி இழுக்கும். இட்லிக் கொப்பரையில ஒரு கிண்ணத்துல வச்சு ரெண்டு நிமிசம் ஆவி காட்டி எடு. அப்பத் தெரியும் ஒரு துண்டு போதுமா போதாதான்னு.

கணக்கு டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. தாத்தா, தோள்துண்டு கதையைப் படிச்சுட்டு ஸ்டாஃப் ரூம்ல தனியா உட்கார்ந்து சிரிச்சேன்.

டீக்கு வர்றேன். டாக்டர் சீனியைக் குறைக்கச் சொன்னதும் மூணு ஸ்பூன்ல இருந்து ரெண்டு ஸ்பூனாக் குறைச்சவ நான். அதுல ரொம்பப் பெருமை வேற. நேத்து பொண்ணையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, அவ கேக் செய்யணும்னு வாங்கின சின்னத் தராசுல ஸ்பூனை நிறுத்தேன். நான் எடுக்கிற மாதிரி குமிச்சு எடுத்தா 7 கிராம். வீட்டுல ரெண்டு டீ, 28 கிராம். ஸ்கூல்ல ரெண்டு டீ, அது கேன்டீன்ல கலந்தே வரும். அந்த அண்ணனைக் கேட்டேன், அவரும் டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன்தானாம். அதுவும் 28ன்னு வச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 56. சனி ஞாயிறு ஸ்கூல் டீயைக் கழிச்சுட்டு ஏழு வாரத்துக்குப் போட்டா 2 கிலோ 352 கிராம். அவ்வளவும் நோட்டுல "டீ 4"ன்னு நீல மையில, நல்ல கையெழுத்துல இருக்கு. அல்வாவுக்கு மட்டும் சிவப்பு. பரீட்சைப் பேப்பரா இருந்தா முழுசும் திருப்பித் திருத்தணும்.

வீட்டு டீ இப்போ அரை ஸ்பூன். ஸ்கூல்ல சீனி இல்லாம ஒண்ணு தனியாத் தரச் சொல்லியிருக்கேன். முதல் நாள் கஷாயம் மாதிரி இருந்துச்சு. ரெண்டாம் நாளும் அப்படித்தான் இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை மிச்சம் இருந்த அல்வாவைத் தாத்தா சொன்ன மாதிரி ஆவி காட்டினேன். மதியம் சாப்பிட்டு முடிச்சதும் வாழையிலையைக் கிழிச்சு நாலு பேருக்கும் வச்சேன். எனக்கு வச்சதைப் பார்த்துட்டு எங்க அத்தை என்ன சொல்லப் போறாங்களோன்னு இருந்துச்சு. அவங்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி நானே, "ராத்திரி நாந்தான் எடுத்துட்டு இருந்தேன் அத்தே"ன்னு சொல்லிட்டேன். அத்தை தலையைத் தூக்கவே இல்ல. "தெரியும். நானும் ரெண்டு வாட்டி எடுத்தேன். நீ கிள்ளின இடம் பள்ளமாத் தெரிஞ்சுது, ஸ்பூனால சமமாத் தடவி வச்சேன்"னாங்க. எங்க வீட்டுக்காரர் மட்டும்தான் அந்த வீட்டுல யோக்கியர்போல. பொண்ணு அவ துண்டை முடிச்சுட்டு, "இன்னும் இருக்கா?"ன்னு கேட்டா. தீர்ந்துபோச்சுன்னு சொன்னதும் விரலை நக்கிட்டு விளையாடப் போயிட்டா.

உறுத்தல் போயிடுச்சான்னு கேட்டா, இல்ல. கை கழுவும்போது அப்பா கால் ஞாபகம் வந்துச்சு. ஆனா ராத்திரி 11 மணிக்கு எந்திரிக்கல. நோட்டை இன்னும் என்ன செய்றதுன்னு முடிவு பண்ணல. சிவப்புப் பேனாவை மட்டும் ஸ்கூல் பையில திருப்பிப் போட்டுட்டேன்.

அடுத்த மாசம் அண்ணன் மறுபடி வர்றான். கால் கிலோ போதும்ணேன்னு போன்ல சொன்னேன். கோவிச்சுக்கிட்டான்.

பாளையங்கோட்டை தாத்தா:

கோவிக்காம என்ன செய்வான்? கால் கிலோவைத் தூக்கிட்டா ஒருத்தன் ரயில் ஏறுவான்? அரைக்கிலோவே வாங்கச் சொல்லு. ஏறுறதுக்கு முன்னால பாதியைப் பாளையங்கோட்டையில குடுத்துட்டுப் போகட்டும். எனக்கு இல்ல, எங்க வீட்டுக்காரிக்கு.