மறு: பிராக்டிகம், இன்டர்ன்ஷிப் இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

> இரண்டும் நடைமுறைப் பயிற்சிதானே. ‘செய்முறைப் பயிற்சி’ என்று ஒன்றையே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, இதில் நான் மாறுபடுகிறேன். அமெரிக்காவில் மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் பயில்பவர் இவ்விரண்டையும் வெவ்வேறு கட்டங்களில் கடக்கிறார். வகுப்புகளும் ஆய்வும் நடந்துகொண்டிருக்கும்போதே, வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு மருத்துவமனைக்கோ மனநல நிலையத்துக்கோ சென்று, உரிமம் பெற்ற உளவியலாளரின் பொறுப்பில் நோயாளிகளைப் பார்ப்பது பிராக்டிகம். பாடங்கள் முடிந்த பிறகு ஓராண்டு முழுநேரமாகவோ ஈராண்டு அரைநேரமாகவோ, பல வேளைகளில் வேறு ஊருக்கே பெயர்ந்து சென்று செய்வது இன்டர்ன்ஷிப். அதை முடிக்காமல் பட்டம் இல்லை. முன்னதில் சேர்த்த அனுபவத்தைக் காட்டித்தான் பின்னதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், ஒரே சொல்லை இட்டால் ‘செய்முறைப் பயிற்சியில் சேரச் செய்முறைப் பயிற்சி தேவை’ என்று எழுத நேரிடும்.

மேலும், ‘செய்முறை’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ப்ளஸ் டூ ஆய்வகமும் பியூரெட்டும் ரெக்கார்டு நோட்டும்தான். (எங்கள் மதுரைப் பக்கத்தில் அது விசேஷ வீட்டில் வைக்கும் சீர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.) எதிரே அழுதுகொண்டிருக்கும் ஒருவரோடு அமர்ந்திருப்பதை அச்சொல் தாங்காது.

பிராக்டிகத்துக்கு நான் முன்வைப்பது ‘ஊடுபயிற்சி’. தென்னைக்கு நடுவே வாழை வைப்பதை ஊடுபயிர் என்கிறோம். முதன்மைப் பயிரை நிறுத்தாமல், அதன் இடையிலேயே இன்னொன்று வளர்கிறது. செவ்வாயும் வியாழனும் மருத்துவமனை, புதனன்று புள்ளியியல் வகுப்பு, இரவில் முதல் நாள் எடுத்த நுண்ணறிவுச் சோதனைக்கு மதிப்பெண் இட்டு அறிக்கை எழுதுதல் என்று ஓடுகிற மாணவியின் வாரத்தை இச்சொல் அப்படியே காட்டுகிறது.

இன்டர்ன்ஷிப்புக்குப் புதுச்சொல் தேவையில்லை. இலங்கையில் மருத்துவப் பட்டதாரிகளின் கட்டாயப் பயிற்சியை ‘உள்ளகப் பயிற்சி’ என்றே வழங்குகிறார்கள், அதை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனைக்குள்ளேயே தங்கியிருந்தவர் என்னும் பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்தது ‘இன்டர்ன்’ என்னும் சொல், உளவியல் மாணவர்கள் அங்கே தங்குவதில்லையே என்று கேட்கலாம். வேரூன்றிய சொல்லை அதன் பிறப்பைக் காட்டிப் பிடுங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் இதே தடத்தில் எக்ஸ்டர்ன்ஷிப்பை ‘வெளியகப் பயிற்சி’ ஆக்கிவிடாதீர்கள். நியூயார்க் வட்டாரத்தில் பிராக்டிகத்தையே அப்படி அழைக்கிறார்கள், அதுவும் ஊடுபயிற்சிதான்.

இன்டர்ன்ஷிப்பில் யாருக்கு எந்த இடம் என்று முடிவாகும் ‘மேட்ச்’ என்பதற்கு ‘ஒதுக்கீடு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒதுக்கீட்டில் ஒரு கை கொடுக்கிறது, மறு கை வாங்குகிறது. இங்கே மாணவர் இடங்களையும், இடங்கள் மாணவர்களையும் தனித்தனியே வரிசைப்படுத்தித் தர, 1999 முதல் கணினி அவற்றை இணைக்கிறது. முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். ‘பொருத்தம்’ என்பதைவிட நல்ல சொல் உண்டா? ஜாதகம் மட்டும்தான் இல்லை.

இன்டர்ன்ஷிப் விண்ணப்பத்தில் கணக்குக் காட்டும் ‘ஹவர்’ (hour) என்பதைப் பலரும் ‘மணிநேரம்’ என்கிறார்கள். அந்தப் படிவத்தின் விதிப்படி, நோயாளியோடு அமர்ந்த 45 முதல் 50 நிமிடத்தையே ஒன்றாக எண்ணலாம். நம் பள்ளிகளில் 40, 45 நிமிடத்துக்குப் ‘பாடவேளை’ என்ற சொல் இருக்கிறது. அதன் வழியில் ‘பயிற்சிவேளை’ எனலாம்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ‘சூப்பர்விஷன்’. மேற்பார்வை என்றால் தேர்வறையில் நடந்துகொண்டிருப்பவர்தான் தெரிகிறார். இங்கேயோ மூத்தவர் மாணவரின் அமர்வுப் பதிவைக் கூடவே உட்கார்ந்து பார்த்து, ‘அவர் அழுதபோது நீங்கள் ஏன் பேச்சை மாற்றினீர்கள்?’ என்று கேட்கிறார். அந்த நோயாளிக்கான சட்டப் பொறுப்பும் அவருடையதே. இதற்கு யாரிடமாவது சொல் இருந்தால் எழுதுங்கள்.