எந்த 'பத்மா' இது?

வங்கதேசக் கடற்படையின் பத்மா, 1973 தோற்றத்தில், 1/72 அளவு மாடலாகச் செய்கிறேன். ஹல், அதாவது கப்பலின் உடற்பகுதி, முடிந்தது (சுமார் 50 செ.மீ.), பெயின்ட்டில் நிற்கிறது. கப்பல், இந்தியா 1973 ஏப்ரல் 12 அன்று கொடுத்த ரோந்துப் படகு அக்‌ஷய்.

தேடினால் வேறு பத்மாக்கள்தான் வருகின்றன. 1971 டிசம்பர் 10-ல் குல்னா அருகே இந்திய விமானங்கள் தவறுதலாக மூழ்கடித்தது ஒன்று. கல்கத்தா துறைமுகப் படகாக இருந்தபோது அதன் பெயரும் அக்‌ஷய்தான், கேட்கவே வேண்டாம்! 2013-ல் சேர்ந்த 50 மீட்டர் கப்பல் இன்னொன்று.

ஆங்கிலம், வங்காளம் இரண்டிலும் தேடியாச்சு. இரண்டு போஃபர்ஸ் பீரங்கி தெரிந்தால் 1971 படகு என்று ஒதுக்கினேன். மிஞ்சிய இரண்டு படங்களிலும் முன்பக்க எண் மங்கல். இந்தியக் காலப் படங்கள் உதவாது, கைமாறியதும் எண்ணை மாற்றியிருப்பார்கள்.

1973–74-ல் ஹல்லில் இருந்த எண் என்ன, எந்த நிறத்தில்?